ரெண்டு கம்ப்யூட்டர், ஒரே வம்சாவளி: கிராம்ப்ஸ் டேட்டாவ கலங்காம வெச்சுக்கறது எப்படி

வீட்ல ஒரு டெஸ்க்டாப், ஊருக்குத் தூக்கிட்டுப் போக ஒரு லேப்டாப், ரெண்டுலயும் கிராம்ப்ஸ் இருக்கு, ரெண்டுலயும் குடும்ப வம்சாவளி ஒண்ணுபோல இருக்கணும், இதுக்கு என்ன வழின்னு தேடறவங்களுக்காக இத எழுதறேன். நான் 4 வருஷமா இப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன், எங்க ட்ரீல இப்ப 1,400 பேருக்கு மேல இருக்காங்க, நடுவுல ஒரு தடவ பலமா அடியும் பட்டாச்சு. கிராம்ப்ஸ்ங்கறது வம்சாவளி எழுதி வெக்கறதுக்குன்னு 2001ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், காசு கிடையாது, விண்டோஸ் லினக்ஸ் மேக் மூணுலயும் ஓடும், அதனால என் டெஸ்க்டாப் லினக்ஸா இருந்தும் லேப்டாப் விண்டோஸா இருந்தும் பிரச்சன இல்லாம போகுது.

எது பண்ணக்கூடாதோ அதுலயே ஆரம்பிக்கறேன், ஏன்னா முக்காவாசிப் பேர் முதல்ல அதத்தான் பண்ணுவாங்க, நானும் அதத்தான் பண்ணேன். கிராம்ப்ஸ் தன்னோட டேட்டாபேஸ வெக்கற போல்டர் ஒண்ணு இருக்கு, "பிரிஃபரன்சஸ்"ல டேட்டாபேஸ் பாத்-னு போட்டிருக்கும், அத அப்படியே ஒரு கிளவுட் போல்டருக்குள்ள தூக்கி வெச்சிட்டா ரெண்டு மெஷினும் தானா ஒண்ணாயிரும்னு தோணும். ஆகாது.

பங்குனில குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போயிருந்தேன். அத்தைப் பாட்டி, எங்க தாத்தாவோட தங்கச்சி, திண்ணைல உக்காந்து நாலு தலமுறைய மடமடன்னு சொல்லிட்டே வந்தாங்க. "எழுதிக்கோய்யா, எனக்கப்புறம் இதச் சொல்ல ஆளில்ல"ன்னாங்க. ரெண்டு நாள்ல 63 பேர ஏத்தினேன், முதல்ல நோட்டுல, ராத்திரி லேப்டாப்ல. ஊர்ல சிக்னல் கிடையாது. அதே ரெண்டு நாள்ல வீட்ல என் மனைவி டெஸ்க்டாப்ல பழைய ஆல்பம் போட்டோக்கள ஸ்கேன் பண்ணி 200க்கு மேல ஆளுங்களோட இணைச்சிட்டு இருந்தாங்க. திரும்பி வந்து லேப்டாப்ப வைஃபைல போட்டேன், கொஞ்ச நேரத்துல கிராம்ப்ஸ தொறந்தா போட்டோ எல்லாம் இருக்கு, அத்தைப் பாட்டி சொன்ன கிளையில ஒருத்தரக் கூடக் காணோம்.

ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் சுலபம். 5.1 வெர்ஷன்ல இருந்து கிராம்ப்ஸ் சாதாரணமா எஸ்க்யூலைட் டேட்டாபேஸத்தான் பயன்படுத்துது, அதாவது உங்க 1,400 பேரும் அவங்க கல்யாணம் பொறப்பு எறப்பு எல்லாமும் ஒரே ஒரு ஃபைலுக்குள்ள இருக்கு. சிங்க் பண்ற, அதாவது ரெண்டு மெஷின்லயும் ஃபைல ஒண்ணுபோல வெக்கற சாஃப்ட்வேருக்கு உள்ள ஆளுங்க இருக்கறது தெரியாது, அதுக்கு அது ஒரு ஃபைல், அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் அந்த ஃபைல் மாறியிருந்தா ஒண்ண ஜெயிக்க விடும், இன்னொண்ண "கான்ஃப்ளிக்ட்"னு பேர மாத்தி ஓரமா வெக்கும். கிராம்ப்ஸ் அந்த ஓரத்து ஃபைலத் திரும்பிக்கூடப் பாக்காது. இது போதாதுன்னு கிராம்ப்ஸ் தொறந்து இருக்கும்போது நடுவுல பாதி எழுதின நிலைமையில ஃபைல் காப்பி ஆச்சுன்னா டேட்டாபேஸே ஒடஞ்சு போகவும் வாய்ப்பிருக்கு. ட்ரீ தொறந்திருக்கும்போது கிராம்ப்ஸ் ஒரு பூட்டு ஃபைல் போடும், உண்மதான், ஆனா அந்தப் பூட்டும் நெட் வழியாத்தான் அடுத்த மெஷினுக்குப் போகணும், சிக்னலே இல்லாத ஊர்ல இருந்து அது எப்படிப் போகும்.

அதனால நான் இப்ப வெச்சிருக்கற ஒரே விதி: பேனா ஒண்ணுதான். எந்த நேரத்துலயும் ஒரு மெஷின்லதான் எழுதலாம், அடுத்ததுல பாக்க மட்டும்தான். பேனா கைமாறும்போது முழு ட்ரீயும் ஒரு பேக்கப் ஃபைலா கூடவே போகும். எங்க வீட்ல ஒரு மஞ்ச ஸ்டிக்கர் இருக்கு, எந்த மெஷின் மேல ஒட்டியிருக்கோ அதுலதான் எழுதணும், வீட்ல எல்லாருக்கும் தெரியும். நாலு பேர் உக்கார்ற எடத்துல இந்த ஸ்டிக்கர் மாதிரி உதவற சாஃப்ட்வேர் எதுவும் இல்லன்னு நான் உறுதியாச் சொல்லுவேன்.

ஒரே ஒரு தடவ பண்ணி வெக்க வேண்டியது

ரெண்டு மெஷின்லயும் கிராம்ப்ஸ் ஒரே வெர்ஷனா இருக்கணும். 5.2ல இருந்த ட்ரீய 2025ல வந்த 6.0ல தொறந்தா அப்கிரேட் பண்ணட்டுமான்னு கேக்கும், சரின்னுட்டீங்கன்னா அப்பறம் அந்த ட்ரீய பழைய வெர்ஷன் தொறக்காது, புதுசுல எடுத்த பேக்கப்பையும் பழசு ஏத்துக்காமப் போகலாம். லினக்ஸ்ல டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ் தொகுப்பு) குடுக்கற வெர்ஷன் பின்தங்கியிருக்கும், விண்டோஸ்ல நீங்க புதுச எறக்கியிருப்பீங்க, இங்கதான் பல பேர் மாட்டறாங்க. அப்கிரேட் பண்றதா இருந்தா ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணுங்க, அதுக்கு முன்னாடி ஒரு பேக்கப் எடுத்துட்டுப் பண்ணுங்க.

அடுத்தது போட்டோக்கள். இதுலதான் நேரம் போகும், பொறுமையாப் பண்ணுங்க. கிராம்ப்ஸ் போட்டோவ டேட்டாபேஸுக்குள்ள வெக்கறதில்ல, அது எங்க இருக்குங்கற பாதைய மட்டும்தான் எழுதி வெக்குது. விண்டோஸ்ல டி டிரைவ்ல ஆரம்பிக்கற முழுப் பாதை எழுதியிருந்தா லினக்ஸ்ல அந்தப் பாதைக்கு அர்த்தமே இல்ல, எல்லாப் படமும் காலிக் கட்டமா நிக்கும். அதுக்கு ரெண்டு மெஷின்லயும் வம்சாவளிப் படங்களுக்குன்னு ஒரே ஒரு போல்டர் வெச்சுக்கோங்க, பிரிஃபரன்சஸ்ல "பேஸ் மீடியா பாத்"னு இருக்கறதுல அந்தந்த மெஷின்ல அது இருக்கற எடத்தக் குடுங்க. பழைய படங்கள் ஏற்கனவே முழுப் பாதையோட ஏறியிருந்தா, "டூல்ஸ்" மெனுல "யுட்டிலிட்டீஸ்" கீழ "மீடியா மேனேஜர்"னு ஒண்ணு இருக்கு, அதுல அப்சல்யூட் பாதைய (முழுப் பாதைய) ரிலேட்டிவா, அதாவது அந்தப் போல்டர்ல இருந்து ஆரம்பிக்கற பாதையா, மாத்தற ஆப்ஷன் இருக்கு, ஒரு தடவ ஓட்டினா எல்லாம் மாறிரும். ஓட்டறதுக்கு முன்னாடி படங்கள் எல்லாம் அந்தப் போல்டருக்குள்ளயே இருக்கான்னு பாத்துக்கோங்க. டவுன்லோட்ஸ்ல ஒண்ணு, வாட்ஸ்ஆப் போல்டர்ல ஒண்ணுன்னு சிதறிக் கெடந்தா அது கணக்காகாது.

படத்துக்குப் பேர் வெக்கறதப் பத்தி தமிழ்ல யாரும் சொல்லி நான் பாக்கல, அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன். "பொன்னம்மா கல்யாணம்"னு தமிழ்லயே ஃபைலுக்குப் பேர் வெச்சிருப்பீங்க. "பொ"-ல இருக்கற அந்த ஒகரக் குறிய யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம், ஒரே குறியாவும் எழுதலாம், முன்னாடி ஒரு கொம்பு பின்னாடி ஒரு காலுன்னு ரெண்டு குறியாவும் எழுதலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஓகாரம், ஔகாரம் ரெண்டுக்கும் இதே கதைதான். பழைய மேக் ஃபைல் சிஸ்டம் எல்லாப் பேரையும் பிரிச்ச வடிவத்துக்கு மாத்தியே சேமிக்கும், லினக்ஸும் விண்டோஸும் நீங்க அடிச்சத அப்படியே வெக்கும், அப்ப மேக்ல இருந்து வந்த ஃபைல கிராம்ப்ஸ் தேடும்போது அதுக்கு அது வேற பேர். ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும், ஆனா "காணோம்"னு சொல்லும், தலைய பிச்சுக்கலாம். அதே மாதிரி விண்டோஸுக்கு பெரிய எழுத்து சின்ன எழுத்து ரெண்டும் ஒண்ணு, லினக்ஸுக்கு வேற வேற. இந்தத் தொல்லைக்கெல்லாம் நான் கண்ட வழி, ஃபைல் பேர இங்கிலீஷ் சின்ன எழுத்துலயும் நம்பர்லயும் மட்டும் வெச்சுக்கறது, நடுவுல இடைவெளி விடாம. தமிழ்ப் பேரையும் விவரத்தையும் கிராம்ப்ஸுக்குள்ள டைட்டில்ல எழுதுங்க, அங்க எவ்வளவு தமிழ் வேணா எழுதலாம், ஒரு பாதிப்பும் இல்ல.

இந்தப் படப் போல்டரையும், "பேக்கப்"னு தனியா இன்னொரு போல்டரையும், ரெண்டு மெஷினுக்கும் நடுவுல சிங்க்திங்னு ஒரு சிங்க் சாஃப்ட்வேர் வெச்சு இணைச்சிருக்கேன். அதுவும் இலவசம்தான், நடுவுல யாரோட சர்வர்லயும் உங்க ஃபைல் தங்காது, ஒரே வைஃபைல ரெண்டு மெஷினும் இருந்தா இன்டர்நெட்கூட வேண்டாம். ரெண்டுலயும் போட்டு ஒண்ணோட டிவைஸ் ஐடிய இன்னொண்ணுல குடுத்தா வேல முடிஞ்சுது. கிளவுட் போல்டர் வெச்சு அடிபட்டவன் இத மட்டும் எப்படி நம்பறான்னு கேக்கலாம். வித்தியாசம் சாஃப்ட்வேர்ல இல்ல, உள்ள போற ஃபைல்ல இருக்கு. போட்டோவும் தேதி போட்ட பேக்கப்பும் ஒரு தடவ எழுதினா அதோட முடிஞ்சுது, திரும்ப மாறாது, மாறாத ஃபைலுக்கு மோதலே வராது. டேட்டாபேஸ் ஃபைல் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். டேட்டாபேஸ் போல்டர மட்டும் இதுக்குள்ள வெச்சிராதீங்க. சிங்க்திங் வேண்டாம்னா ஒரு பென்டிரைவ் போதும், படங்கள் குறைவா இருந்தா அதுவே நல்லது.

பேனாவ கைமாத்தறது

ஊருக்குக் கெளம்பற முந்தின ராத்திரி பண்றத அப்படியே சொல்றேன். டெஸ்க்டாப்ல கிராம்ப்ஸ்ல "ஃபேமிலி ட்ரீஸ்" மெனுல "மேக் பேக்கப்" குடுப்பேன். "எக்ஸ்போர்ட்" இல்ல, கவனிங்க, எக்ஸ்போர்ட்ல பிரைவேட்னு குறிச்ச தகவல விட்டுரவா, உயிரோட இருக்கறவங்கள மறைக்கவான்னு வடிகட்டற ஆப்ஷன்லாம் இருக்கும், எப்பவோ ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பறதுக்காக டிக் பண்ணது மறந்து போய் அதே பழக்கத்துல இங்கயும் அழுத்திட்டா பாதி ட்ரீதான் அடுத்த மெஷினுக்குப் போகும். பேக்கப் அப்படி எதையும் வடிகட்டாது. மீடியாவ சேக்கவா வேண்டாமான்னு கேக்கும், வேண்டாம்னு குடுங்க, படங்கள்தான் தனி வழியா போயிட்டு இருக்கே. மீடியாவோட சேத்து எடுத்த பொட்டலத்த ஒவ்வொரு தடவையும் இம்போர்ட் பண்ணா அதுல இருக்கற படங்கள தனியா ஒரு போல்டர்ல பிரிச்சுக் கொட்டும், 5 தடவ ஊருக்குப் போயிட்டு வந்தா அதே போட்டோ 5 எடத்துல கெடக்கும். ஃபைல் பேர்ல தேதி, மணி, எந்த மெஷின்ல இருந்து எடுத்தது, மூணையும் போட்டுருவேன்.

எடுத்த உடனே டெஸ்க்டாப்ல டேஷ்போர்டுல இருக்கற "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" கிராம்ப்லெட்ட (கணக்கு காட்டற சின்னக் கட்டம்) பாத்து எத்தன பேர், எத்தன குடும்பம்னு ரெண்டு நம்பரையும் நோட்டுல குறிச்சுக்குவேன். அப்பறம் ட்ரீ மேனேஜர்ல போய் டெஸ்க்டாப் ட்ரீயோட பேரையே "தொடாதே ஏப்ரல் 6"னு மாத்திருவேன். ஸ்டிக்கர யாராவது கவனிக்காம போனாக்கூட ட்ரீ தொறக்கறப்ப இந்தப் பேர் மூஞ்சில அடிக்கும்.

லேப்டாப்ல "மேனேஜ் ஃபேமிலி ட்ரீஸ்"ல போய் "நியூ" குடுத்து புதுசா ஒரு காலி ட்ரீ, அதத் தொறந்துட்டு "இம்போர்ட்" பண்ணி அந்த பேக்கப் ஃபைலக் குடுக்கணும். காலி ட்ரீங்கறதுதான் இங்க உயிர். ஏற்கனவே ஆள் இருக்கற ட்ரீக்குள்ள இம்போர்ட் பண்ணா அது பழச அழிச்சிட்டு புதுச வெக்காது, இருக்கறதோட சேக்கப் பாக்கும், அப்ப ஒரே ஆள் ரெண்டு தடவ நிப்பாரு. இம்போர்ட் முடிஞ்சதும் பேஸ் மீடியா பாத் இந்த லேப்டாப்போட போல்டரக் காட்டுதான்னு ஒரு பார்வ பாருங்க, ஏன்னா அந்தப் பாதையும் பேக்கப்போடவே பயணம் பண்ணும், டெஸ்க்டாப்போட பாதை இங்க வந்து உக்காந்திருக்கலாம். ரெண்டு நம்பரையும் நோட்டோட ஒத்துப் பாத்தாச்சுன்னா, நாலஞ்சு பேரத் தொறந்து படம் தெரியுதான்னு பாத்தாச்சுன்னா, ஸ்டிக்கர எடுத்து லேப்டாப் மேல ஒட்டிரலாம். மொத்தம் 10 நிமிஷ வேல. திரும்பி வரும்போது இதே வேல தலைகீழா. பழைய ட்ரீய உடனே அழிக்காதீங்க, நான் கடைசி ரெண்ட எப்பவும் வெச்சிருப்பேன்.

சில விஷயங்கள் பேக்கப்புல வராது. நீங்களா உருவாக்கின ஃபில்டர்கள், போட்டு வெச்ச ஆடான்கள் (கூடுதலா சேக்கற துணை புரோகிராம்கள்), பிரிஃபரன்சஸ்ல இருக்கற மத்த செட்டிங், இதெல்லாம் அந்தந்த மெஷினோடது, ரெண்டு பக்கமும் தனித்தனியாப் பண்ணிக்கணும். இன்னொண்ணு, ரெண்டு மெஷின்லயும் தேதி நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு பதிவும் கடைசியா எப்ப மாறுச்சுன்னு கிராம்ப்ஸ் குறிச்சு வெக்குது, பழைய டெஸ்க்டாப்ல போர்டு பேட்டரி செத்துப் போய் தேதி பல வருஷம் பின்னாடி போயிருந்தா அந்தக் குறிப்பு எதுக்கும் உதவாது. இது எதுக்கு உதவும்னு கடைசில சொல்றேன்.

பேக்கப்புக்குப் பதிலா ஜெட்காம் ஃபைல் வெச்சு நகர்த்தலாமான்னு அடிக்கடி கேக்கறாங்க. ஜெட்காம் மார்மன் சர்ச் 1984ல கொண்டு வந்த ஃபார்மேட், வேற வேற சாஃப்ட்வேருக்கு நடுவுல பேச்சுவார்த்தைக்கு அதுதான் பொதுமொழி, கிராம்ப்ஸ்ல இருந்து ரூட்ஸ்மேஜிக் மாதிரி இன்னொரு வம்சாவளி சாஃப்ட்வேருக்குப் போகணும்னா அது வேணும். ஆனா கிராம்ப்ஸ்ல இருக்கறது எல்லாத்தையும் அதால சொல்ல முடியாது, டேக் போகும், ஒரே நிகழ்ச்சிய பல பேர் பகிர்ந்துக்கறது போகும், சிலது குறிப்பா மாறி வரும். போயிட்டு வந்துன்னு 10 தடவ சுத்தினா ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் தேயும். கிராம்ப்ஸுக்கும் கிராம்ப்ஸுக்கும் நடுவுல கிராம்ப்ஸோட சொந்த ஃபார்மேட்தான்.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதியே ஆகணும்னா

அண்ணன் சிங்கப்பூர்ல, நீங்க மதுரைல, ரெண்டு பேரும் தெனமும் ஏத்தறீங்கன்னா ஸ்டிக்கர் கதை நடக்காது. அதுக்கு கிராம்ப்ஸ் வெப் இருக்கு. ஒரு சர்வர்ல டாக்கர் (சர்வர்ல சாஃப்ட்வேர பொட்டலமா ஓட்டற கருவி) வழியா போட்டு வெச்சா பிரவுசர்ல எல்லாரும் ஒரே டேட்டாபேஸ்ல எழுதலாம், டெஸ்க்டாப் கிராம்ப்ஸும் வேணும்னா "கிராம்ப்ஸ் வெப் சிங்க்"னு ஒரு ஆடான் இருக்கு, அது ரெண்டு பக்கத்தையும் ஆள் ஆளா ஒப்பிட்டு இங்க சேந்தது, அங்க மாறுனது, ரெண்டு பக்கமும் மாறுனதுன்னு பட்டியல் போட்டுக் காட்டிட்டு அப்பறம்தான் மாத்தும். முதல் தடவ சர்வர்ல ஏத்தற ட்ரீ உங்க மெஷின்ல இருக்கற அதே ட்ரீயோட பேக்கப்பா இருக்கணும், ரெண்டு பேரும் தனித்தனியா உருவாக்கின ட்ரீக்கள இது ஒட்ட வெக்காது. சர்வர் பராமரிக்கத் தெரிஞ்சவங்க வீட்ல ஒருத்தராவது இருந்தா மட்டும் இறங்குங்க. உயிரோட இருக்கறவங்க பொறந்த தேதி, அம்மா பேரு எல்லாம் அதுல இருக்கு, பேங்க்ல அடையாளம் கேக்கறதே இதத்தான், அரைகுறையா சர்வர் தொறந்து வெக்கறதவிட ஸ்டிக்கரே மேல். பென்டிரைவ்ல கொண்டு போறவங்களும் என்கிரிப்ட் பண்ணிட்டு, அதாவது பாஸ்வேர்டு இல்லாம படிக்க முடியாதபடி பூட்டிட்டுக் கொண்டு போங்க, பஸ்ல தொலஞ்சா தொலஞ்சதுதான்.

ரெண்டு பக்கமும் மாறிப் போச்சுன்னா

பதறி எதையும் அழிக்காதீங்க, அந்த கான்ஃப்ளிக்ட் ஃபைலையும் சேத்துத்தான். முதல்ல சிங்க்க நிறுத்துங்க, ரெண்டு மெஷின்லயும் அப்ப இருக்கற நிலைமைலயே பேக்கப் எடுங்க. எனக்கு நடந்த மாதிரி ஒரு பக்கம் கான்ஃப்ளிக்ட் ஃபைலா ஒதுங்கியிருந்தா, கிராம்ப்ஸ மூடிட்டு அந்த ட்ரீயோட போல்டர முழுசா இன்னொரு பேர்ல காப்பி பண்ணுங்க, காப்பில இருக்கற எஸ்க்யூலைட் ஃபைல எடுத்துட்டு கான்ஃப்ளிக்ட் ஃபைலுக்கு அதே பேரக் குடுத்து வெச்சிருங்க, உள்ளயே ட்ரீயோட பேர் எழுதின ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதுல "மீட்பு"ன்னு மாத்துங்க. கிராம்ப்ஸ தொறந்தா ட்ரீ மேனேஜர்ல ரெண்டு ட்ரீ தெரியும்.

அடுத்தது எந்தப் பக்கம் அதிகமா மாறியிருக்குன்னு பாருங்க. அதுதான் அடிப்படை, குறைவா மாறின பக்கத்த கையால அதுல ஏத்தணும். ஃபில்டர்ல "இந்தத் தேதிக்கு அப்பறம் மாறினவங்க"ன்னு ஒரு விதி இருக்கு, கடைசியா பேனா கைமாறின தேதியக் குடுத்தா மாத்தின ஆளுங்க மட்டும் வரிசையா வந்துருவாங்க, கடிகாரம் சரியா இருக்கணும்னு சொன்னது இதுக்குத்தான். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு இம்போர்ட் பண்ணிட்டு டூப்ளிகேட் தேடற டூல் வெச்சு சேத்துக்கலாம்னு நெனைக்காதீங்க. நம்ம குடும்பங்கள்ல தாத்தா பேரத்தான் பேரனுக்கு வெக்கறோம், குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, பழைய ஆளுங்களுக்குத் தேதியும் கிடையாது, எங்க ட்ரீல முத்தையா மட்டும் 11 பேர். அந்த டூலுக்கு முத்தையாவும் முத்தையாவும் ஒருத்தர்தான். அவசரத்துல தாத்தாவையும் பேரனையும் ஒண்ணாக்கிட்டா, ஒரு மாசம் கழிச்சு யாராவது ட்ரீய வரைஞ்சு பாக்கும்போதுதான் தெரியும், அதுக்குள்ள அது மேல இன்னும் நூறு மாத்தம் ஏறியிருக்கும்.

எனக்கு டெஸ்க்டாப் பக்கம்தான் அதிகம், 200 போட்டோ இணைப்பு. அத அடிப்படையா வெச்சிட்டு லேப்டாப்ல "மீட்பு" ட்ரீயத் தொறந்து பக்கத்துல வெச்சுக்கிட்டு 63 பேரையும் ஒவ்வொருத்தரா டெஸ்க்டாப்ல அடிச்சேன், ரெண்டு சாயங்காலம் ஆச்சு. முடிச்சிட்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸப் பாத்தா கணக்குல ஒண்ணு குறையுது. லேப்டாப் பட்டியல ரெண்டு தடவ மேலருந்து கீழ பாத்தும் பிடிபடல, கடைசில நோட்ட எடுத்து அத்தைப் பாட்டி சொன்ன வரிசையிலயே விரல வெச்சுட்டு வந்தேன். மூணாவது பக்கத்துல, ரெண்டு அண்ணன் தம்பிக்கு நடுவுல, "பேர் வெக்கறதுக்குள்ள போயிருச்சு, அதையும் எழுது"ன்னு அவங்க சொல்லி எழுதின ஒரு பொண்ணு. பேர் கட்டம் காலியா இருந்ததால பட்டியல்ல என் கண்ணு அத தாண்டிப் போயிருக்கு. ஏத்தினேன், பேக்கப் எடுத்தேன், ரெண்டு மெஷின்லயும் நம்பர் ஒத்து வந்துச்சு.